கேள், கலை, மறுபடி கேள்: இலைநோய் சொல்லும் மாதிரியை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு யோசனை கேட்டு என்னிடம் வரும்போது, பலருடைய மனதில் ஏற்கெனவே ஒரு தலைப்பு இருக்கிறது: இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலி. எனக்கும் மிகவும் விருப்பமான தலைப்பு அது. உரும்பிராயில் மிளகாயும் வெங்காயமும் நட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் அவர்கள் கொண்டுவரும் முதல் அறிக்கை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். துல்லியம் 98 சதவீதம் என்று ஒரு வரி, அதன் கீழே இலையின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வெப்பப்படம், அதாவது விடைக்கு எந்த இடம் அதிகம் காரணமானது என்று நிறத்தால் காட்டும் படம். மாதிரி, அதாவது படங்களிலிருந்து கற்று விடை சொல்லும் நிரல், எதை வைத்து முடிவெடுத்தது என்ற கேள்விக்கு வெப்பப்படம் பதில், தோட்டத்தில் தாங்குமா என்ற கேள்விக்கு 98 பதில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லவருவது ஒன்றுதான். மாதிரி ஏன் அப்படிச் சொன்னது என்ற விளக்கத்தையும், சூழல் மாறினாலும் விடை நிலைக்கும் தாங்குதிறனையும் இரண்டு தனி அத்தியாயங்களாக வைக்காதீர்கள். ஒன்றைக் கொண்டு மற்றதைச் சோதியுங்கள். மாதிரியிடம் காரணம் கேளுங்கள், படத்தைக் கலையுங்கள் (வெளிச்சத்தையோ பின்னணியையோ தெளிவையோ மாற்றுங்கள்), மறுபடி காரணம் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் உண்மை வெளியே வரும்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மிளகாய் இலை பல காரணங்களால் சுருளும். பனிப்பூச்சி எனப்படும் இலைப்பேன் சாற்றை உறிஞ்சினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கினால் கீழ்நோக்கி வளையும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் பிடித்தால் இலை சிறுத்து, செடியே குறுகிப்போகும். பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை சிற்றுண்ணியை ஒன்றும் செய்வதில்லை. வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்க மருந்தே கிடையாது, பிடுங்கி அழிக்கத்தான் வேண்டும். செயலி பிழையாகச் சொன்னால் கமக்காரர் பிழையான மருந்தை வாங்கி அடிப்பார். காசு போவது ஒரு பக்கம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்குகிறது, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

எட்டுப் பிக்சல் கற்பிக்கும் பாடம்

இலைநோய் மாதிரி செய்பவர்கள் பலர் முதலில் எடுப்பது பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுதியை. 54,306 படங்கள், 14 பயிர்கள், பயிரும் நோயும் சேர்ந்த 38 வகுப்புகள். 2016இல் மொஹந்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதில் பயிற்றுவித்த மாதிரி, ஒதுக்கிவைத்த சோதனைப் படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே மாதிரிக்கு வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31.4 சதவீதத்துக்கு இறங்கியது. இதை அவர்களே தங்கள் கட்டுரையில் நேர்மையாக எழுதினார்கள். பின்னால் வந்த மாணவர் அறிக்கைகள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

2022இல் நோயான் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இன்னும் கூர்மையாக ஒன்று செய்தார்கள். அதே தொகுதியின் படங்களிலிருந்து எட்டே எட்டுப் பிக்சல்களை எடுத்தார்கள். எல்லாம் பின்னணியிலிருந்து எடுத்தவை. அவற்றை மட்டும் கொண்டு பயிற்றுவித்த மாதிரி 49 சதவீதம் சரியாகச் சொன்னது. 38 வகுப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் கிடைப்பது 2.6 சதவீதம்தான். அதாவது பின்னணியின் நிறமும் வெளிச்சமும் நோயின் பெயரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 31.4 என்பது தாங்குதிறன் பற்றிய செய்தி. எட்டுப் பிக்சல் என்பது காரணம் பற்றிய செய்தி. ஒரே குறையின் இரண்டு முகங்கள் இவை. மாதிரி எதில் சாய்ந்து நிற்கிறதோ அது மாறும்போது மாதிரி விழுகிறது. எதில் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். எங்கே விழுகிறது என்று பார்த்தால் எதில் சாய்ந்திருந்தது என்பது தெரியும்.

நம் ஊருக்கு இன்னொரு விடயமும் உண்டு. அந்தத் தொகுதியில் மிளகாய் இனத்தில் குடைமிளகாய் மட்டுமே இருக்கிறது. அதிலும் பக்டீரியாப் புள்ளி, ஆரோக்கியமான இலை என்று இரண்டே வகுப்புகள். இலைச்சுருளலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் படங்களை நீங்களேதான் எடுக்க வேண்டும். எடுக்கும்போதே பாதி வேலை தீர்மானமாகிவிடுகிறது.

தோட்டத்தைப் பிரியுங்கள், படங்களை அல்ல

ஒரே தோட்டத்தில் ஒரே காலையில் எடுத்த படங்களைக் கலந்து, சிலவற்றைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தால், சோதனை என்பது பெயருக்குத்தான். அதே மண், அதே வெயில், அதே தொலைபேசி, பல நேரங்களில் அதே செடி. பிரிப்பதைத் தோட்டம் தோட்டமாகப் பிரியுங்கள். கோப்பாயிலும் புத்தூரிலும் எடுத்தவை பயிற்சிக்கு என்றால், சோதனைக்கு அச்சுவேலிப் பக்கம் ஒரு தோட்டம். முடிந்தால் செம்மண் அல்லாத ஒரு இடமும் வேண்டும். வடமராட்சியின் மணற்பாங்கான நிலம் இதற்கு நன்றாகப் பயன்படும். தொலைபேசியையும் மாற்றுங்கள்.

எந்த நோய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஓர் அட்டவணை போடுங்கள். சிற்றுண்ணிப் படங்கள் எல்லாம் ஒரே செம்மண் தோட்டத்திலிருந்தும் ஆரோக்கியமான படங்கள் எல்லாம் வேறொரு மணல் தோட்டத்திலிருந்தும் வந்திருந்தால், மாதிரி மண்ணைக் கற்றுக்கொள்ளும். அதைக் குறைசொல்ல முடியாது. நாம் கொடுத்த கேள்விக்கு அதுதான் மிக எளிய விடை. ஒவ்வொரு தோட்டத்திலும் நோயுள்ள செடி, நோயற்ற செடி இரண்டையும் எடுத்தால் இந்த வாசல் அடைபடும்.

எட்டுப் பிக்சல் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஒவ்வொரு படத்திலும் இலையைச் சாம்பல் நிறத்தால் மூடிவிட்டு, பின்னணியை மட்டும் வைத்து ஒரு சிறிய மாதிரியைப் பயிற்றுவியுங்கள். குருட்டு ஊகத்தைவிடக் கணிசமாக மேலே வந்தால் படத் தொகுதியில் கசிவு இருக்கிறது, பின்னணியே விடையைக் காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. பெரிய மாதிரியைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடலாம்.

வெப்பப்படத்துக்கு முன் ஒரு தாள்

வெப்பப்படத்தைத் திறப்பதற்கு முன், எந்த அடையாளத்தைப் பார்த்து இந்த நோயைச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். உங்கள் பகுதியின் விவசாயப் போதனாசிரியரிடம் இருபது முப்பது படங்களைக் காட்டி, எங்கே பார்க்கிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் ஓரத்தின் வளைவையும் இளந்தளிரின் உருவத்தையும் காட்டுவார். காம்பு நீண்டிருக்கிறதா என்று பார்ப்பார், இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அதை எழுதி வைத்த பிறகே மாதிரியிடம் போங்கள். ஏனென்றால் சிவப்பு எங்கே விழுந்திருந்தாலும் அதற்கொரு நியாயம் கண்டுபிடிக்க மனித மனம் ஆயத்தமாக இருக்கிறது. இலையின் நடுவில் விழுந்தால் நரம்பைப் பார்க்கிறது என்போம், ஓரத்தில் விழுந்தால் சுருளைப் பார்க்கிறது என்போம்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்பப்படம் வரையும் கருவிகளில் 2017இல் வந்த கிராட்-காம் எளிது, வேகமானது. ஆனால் படங்களை வகைப்படுத்தப் பரவலாகப் பயன்படும் ரெஸ்நெட் மாதிரியில் 224 பிக்சல் அகலப் படத்துக்கு அது தருவது ஏழுக்கு ஏழு கட்டங்கள்தான். ஒரு கட்டம் 32 பிக்சல் அகலத்தை மூடுகிறது. திரையில் வழுவழுப்பாகத் தெரிவது பெரிதாக்கும்போது பூசிய மெழுகு. அதைக் கொண்டு மாதிரி இலையின் ஓரத்தைத்தான் பார்க்கிறது என்று எழுத முடியாது. நுணுக்கமாகப் பார்க்க, சிறிய சாம்பல் சதுரத்தைப் படத்தின் மேல் இடம் இடமாக நகர்த்தி, எங்கே மூடும்போது அந்த விடைக்கு மாதிரி கொடுக்கும் புள்ளி (மதிப்பெண்) இறங்குகிறது என்று பாருங்கள். மெதுவான முறை, ஆனால் நேரடியானது. நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

2016இல் வந்த லைம் என்ற விளக்கக் கருவி, படத்தைத் துண்டுகளாகப் பிரித்துச் சில துண்டுகளை எழுந்தமானமாக மறைத்துப் பார்க்கிறது. அதை உருவாக்கியவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹஸ்கி நாயையும் ஓநாயையும் பிரிக்கும் மாதிரியை, பனியைப் பார்த்து ஓநாய் என்று சொல்லும்படி வேண்டுமென்றே கெடுத்துப் பயிற்றுவித்தார்கள். விளக்கத்தைக் காட்டுவதற்கு முன், பங்கெடுத்த 27 பட்டப்பின் மாணவர்களில் 12 பேர்தான் பனி காரணமாக இருக்கலாம் என்றார்கள். காட்டிய பின் 25 பேர் சொன்னார்கள். நல்ல விளக்கத்தின் பலம் அது. ஆனால் லைம் எழுந்தமானத்தை நம்பியிருப்பதால், ஒரே படத்துக்கு, எழுந்தமானத் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்ணை மாற்றி மாற்றிச் சில முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு துண்டைக் காட்டினால் அந்த விளக்கத்தை அறிக்கையில் போடாதீர்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரு பரீட்சையைத் தவிர்க்கவே கூடாது. 2018இல் அடெபாயோவும் மற்றவர்களும் முன்வைத்தது அது. மாதிரியின் நிறைகளை, அதாவது பயிற்சியில் கற்று உள்ளே வைத்திருக்கும் எண்களை, எழுந்தமான எண்களால் மாற்றிவிடுங்கள். இப்போது அதற்கு எதுவுமே தெரியாது. அப்படியும் வெப்பப்படம் முன்பு போலவே அழகாக வந்தால், அந்தக் கருவி மாதிரியைப் பற்றி எதையும் சொல்லவில்லை, படத்தின் விளிம்புகளைத் திருப்பி வரைந்து காட்டுகிறது. கைடட் பேக்ப்ராப் என்ற புகழ்பெற்ற விளக்க முறை இந்தப் பரீட்சையில் தேறவில்லை. கிராட்-காம் தேறியது.

சோளகம், வாட்ஸ்அப், கிடுகு வேலி

இனிப் படத்தைக் கலைக்கும் வேலை. ஹென்ட்ரிக்ஸும் டீட்டெரிக்கும் 2019இல் இதற்கொரு ஒழுங்கை உருவாக்கினார்கள்: இரைச்சல், மங்கல், பனிமூட்டம், சுருக்கம் என்று 15 வகைக் கெடுதல்கள், ஒவ்வொன்றும் ஐந்து அளவுகளில். தொடங்குவதற்கு நல்ல பட்டியல். ஆனால் அதில் உள்ள உறைபனி நமக்கு எதற்கு? நம் தோட்டத்தில் என்ன நடக்கிறதோ அதை வைத்து உங்கள் பட்டியலை எழுதுங்கள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வலிகாமத்து இலைகளின் மேல் செம்மண் தூசி படிந்திருக்கும். மாரியில் இலை ஈரமாக, ஒளியைத் தெறித்துக்கொண்டிருக்கும். கிடுகு வேலியின் நிழல் கோடு கோடாக விழும். பின்னேர வெயிலில் எல்லாம் மஞ்சளாகும். கமக்காரர் தொலைபேசியைத் தூரத்தில் பிடித்திருப்பார், விரல் பாதி மறைத்திருக்கும். மகன் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பான். வழியில் படம் சுருங்கி, நுண்ணிய விவரங்கள் போயிருக்கும். இவற்றில் பலவற்றைக் கணினியிலேயே போலியாகச் செய்யலாம். தூசியை மட்டும் செய்யாதீர்கள். உண்மையான தூசி படிந்த இலையை எடுத்து, படம் பிடித்து, கழுவி, மறுபடி அதே கோணத்தில் படம் பிடியுங்கள். அப்படிச் சோடி சோடியாகச் சேர்த்த சில படங்கள், கணினியில் செய்த ஆயிரம் படங்களைவிட அதிகம் கற்றுத்தரும்.

கலைத்த படத்தையும் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவராலேயே சொல்ல முடியாத அளவுக்குக் கலைத்துவிட்டு மாதிரி விழுந்தது என்று எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் தயங்காமல் அதே விடையைச் சொல்லும் எல்லைக்குள் கலைப்பதுதான் சோதனை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மண்மாற்றம். இலையை மட்டும் வெட்டியெடுத்து, வேறு தோட்டத்தின் பின்னணியில் ஒட்டுங்கள். இந்த வேலையைப் பற்றி அயலில் உள்ள ஒரு கமக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, "நிலத்தை மாற்றினால் நோயும் மாறுமோ தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் மாதிரியிடம் கேட்க வேண்டும். மாறக்கூடாது என்பது நமக்குத் தெரியும். மாதிரிக்குத் தெரியுமா என்பதைச் சோதனை சொல்லும்.

ஒரே படித்திறன், இரண்டு வேலை

இந்தப் பகுதி கொஞ்சம் கணிதம். விளக்கமும் தாங்குதிறனும் ஏன் உறவினர்கள் என்பது இங்கேதான் தெரியும் என்பதால் அவசரப்படாமல் வாசியுங்கள்.

பாடசாலையில் படித்த படித்திறன்தான்: ஒன்று சிறிது மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்ற அளவு. ஒரு பிக்சலை இம்மியளவு மாற்றினால் 'சிற்றுண்ணி' என்ற விடையின் புள்ளி எவ்வளவு மாறும்? ஒவ்வொரு பிக்சலுக்கும் அதைக் கணித்துப் படமாக வரைந்தால் கிடைப்பது மிகப் பழைய, மிக எளிய விளக்கப்படம். இப்போது விடையின் புள்ளிக்குப் பதிலாகப் பிழையின் அளவை எடுத்துக்கொண்டு அதே கணக்கைச் செய்யுங்கள். கிடைக்கும் எண்களின் குறியை மட்டும் பார்த்து, ஒவ்வொரு பிக்சலையும் பிழை கூடும் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்துங்கள். இது தாக்குதல். 2014இல் குட்ஃபெல்லோ, ஷ்லென்ஸ், செகெடி ஆகியோர் இதைக் காட்டினார்கள். 57.7 சதவீத நம்பிக்கையுடன் பாண்டா என்று அடையாளம் காணப்பட்ட படம், மனிதக் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாத நிலையில், 99.3 சதவீத நம்பிக்கையுடன் கிப்பன் குரங்காகியது.

ஆகவே மாதிரியின் படித்திறன் எல்லாத் திசையிலும் சிதறி இரைச்சலாக இருந்தால் இரண்டு விளைவுகள் ஒன்றாக வருகின்றன. விளக்கப்படம் தூவிய மணல்போல் தெரியும். தாக்குதலும் இலகுவாகும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான பிக்சல்களில் இம்மி இம்மியாகச் சேர்த்தாலே விடை புரண்டுவிடுகிறது. மறுதலையும் உண்மை. 2017இல் மாட்ரியின் குழு, பயிற்சியின்போதே தாக்கப்பட்ட படங்களைக் காட்டி மாதிரியைக் கற்பிக்கும் முறையை வலுவாக்கியது. அப்படிக் கற்ற மாதிரிகளின் படித்திறனை வரைந்தபோது, பொருளின் விளிம்புகளும் உருவமும் மனிதக் கண்ணுக்குப் புரியும்படி தெரிந்ததை 2018இல் சிப்ராஸும் மற்றவர்களும் எழுதினார்கள். விளக்கத்தை மேம்படுத்தவென்று எதையும் செய்யவில்லை. தாங்குதிறனைத் தேடிப்போனார்கள், விளக்கமும் கூடவே வந்தது. அதே ஆண்டு ராஸ், டோஷி-வெலஸ் இருவரும், பயிற்சியில் படித்திறனின் பருமனுக்கு அபராதம் விதித்தாலே இரண்டும் முன்னேறுவதைக் காட்டினார்கள்.

இதற்கு விலை உண்டு. அப்படிப் பயிற்றுவித்த மாதிரியின் துல்லியம், கலைக்காத சுத்தமான படங்களில் வழக்கமாகக் குறையும். அதற்கு 2019இல் இல்யாஸும் மற்றவர்களும் தந்த காரணம் சிந்திக்க வைப்பது: மாதிரிகள் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய சாயல்கள் பல உண்மையிலேயே விடையுடன் தொடர்புள்ளவை, ஆனால் உடைந்துபோகக்கூடியவை, மனிதருக்குப் புலப்படாதவை. அவற்றைக் கைவிடச் சொன்னால் எண் இறங்கத்தான் செய்யும். மாணவர்கள் அந்த இறக்கத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். தோட்டத்தில் கிடைக்காத அந்தச் சில புள்ளிகள் அறிக்கையில் இருந்து யாருக்கும் பயனில்லை.

கமக்காரரின் தொலைபேசியை யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். ஒருவரும் தாக்கமாட்டார்கள். தாக்குதலை நாம் கருவியாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: மாதிரி எந்தத் திசையில் மிகப் பலவீனமானது என்று அது காட்டுகிறது. தாக்கிய படத்திலிருந்து மூலப் படத்தைக் கழித்து, வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது இலையின் மேல் குவிந்திருக்கிறதா, மண்ணெங்கும் பரவியிருக்கிறதா? குறியை மட்டும் பயன்படுத்தும் தாக்குதல் எல்லாப் பிக்சலையும் ஒரே அளவு நகர்த்துவதால் இந்தப் பார்வைக்கு உதவாது. மாற்றத்தின் மொத்தப் பருமனைக் கட்டுப்படுத்தும் தாக்குதலைப் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. படித்திறன் கிட்டத்தட்ட பூச்சியமாக நசுங்கிப்போன மாதிரியில் தாக்குதல் தோற்கும், பார்ப்பவர் தாங்குதிறன் உண்டு என்று ஏமாறுவார். 2018இல் அதலி, கார்லினி, வாக்னர் ஆகியோர், ஒரு முன்னணி மாநாட்டில் வெளியான, தாக்குதலைத் தடுக்கும் ஒன்பது முறைகளை ஆராய்ந்து, ஏழு முறைகள் இப்படிப் படித்திறனை மறைப்பதில்தான் சாய்ந்திருந்தன என்று கண்டார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது: அதே அளவு எழுந்தமான இரைச்சலைச் சேர்த்துப் பாருங்கள். படித்திறனைப் பின்பற்றிய தாக்குதலைவிட வெறும் இரைச்சல் மாதிரியை அதிகம் வீழ்த்தினால், அந்தப் படித்திறனை நம்பி வரைந்த விளக்கமும் நம்பத்தகாதது.

மறுபடி கேட்டால் வரும் நான்கு நிலைமைகள்

ஒவ்வொரு படத்துக்கும் கலைப்பதற்கு முன்னும் பின்னும் விடையையும் வெப்பப்படத்தையும் சேமியுங்கள். நான்கு விதமாக முடியலாம். விடையும் காரணமும் மாறாமல் இருந்தால் நல்லது, அடுத்த படத்துக்குப் போங்கள். இரண்டும் மாறினால் மாதிரி உடைந்தது வெளிப்படையாகத் தெரிகிறது, பயிற்சிப் படங்களில் எது குறைவு என்று தேடலாம்.

விடை மாறாமல் காரணம் மட்டும் மாறுவதை யாரும் கவனிப்பதில்லை. துல்லியத்தை மட்டும் அளந்தால் இது வெற்றியாகவே பதிவாகும். ஆனால் வெயிலில் ஓரத்தைப் பார்த்துச் சிற்றுண்ணி என்ற மாதிரி, நிழலில் தொட்டியின் விளிம்பைப் பார்த்துச் சிற்றுண்ணி என்றால், அந்தச் சரியான விடை தற்செயல். அடுத்த படத்தில் தொட்டி இருக்காது. இந்த நிலைமைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: மாதிரி நன்றாகவே இருந்து, விளக்கக் கருவி தள்ளாடலாம். கோர்பானி, அபித், ஸூ ஆகியோர், விடையைத் தொடாமலே வெப்பப்படத்தை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தும் நுண்ணிய மாற்றங்களைப் படத்தில் செய்ய முடியும் என்று 2017இல் காட்டினார்கள். இரண்டில் எது என்று பிரித்தறிய, வேறொரு வகைக் கருவியால் கேளுங்கள். சாம்பல் சதுர முறையும் அதே இடமாற்றத்தைக் காட்டினால் குறை மாதிரியில். காட்டாவிட்டால் குறை கருவியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காரணம் மாறாமல் விடை மட்டும் மாறுவது மாணவர்களை அதிகம் குழப்புவது. முன்னும் பின்னும் சிவப்பு இலையின் ஓரத்தில்தான் இருக்கிறது, ஆனால் பனிப்பூச்சி சிற்றுண்ணியாகிவிட்டது. வெப்பப்படம் எங்கே பார்க்கிறது என்று சொல்கிறது, அங்கே எதைக் கண்டது என்று சொல்வதில்லை. ஓரத்தின் நிறத்தைக் கண்டதா, வளைவைக் கண்டதா? இதற்குப் படத்தில் கைவைக்க வேண்டும். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். வளைவு அப்படியே இருக்கிறது. விடை புரண்டால் மாதிரி நிறத்தில் சாய்ந்திருந்தது. கைர்ஹோஸும் மற்றவர்களும் 2018இல், பூனையின் உருவத்தில் யானைத் தோலைப் போர்த்திய படத்தை யானை என்று சொல்லும் மாதிரிகளைக் காட்டியதை இங்கே நினைவில் வையுங்கள். வழக்கமான பயிற்சியில் இந்த மாதிரிகள் உருவத்தைவிட மேற்பரப்பின் சாயலையே விரும்புகின்றன. சுருளின் திசையே நோயின் அடையாளமாக இருக்கும் நமக்கு அது பெரிய இடைஞ்சல்.

ஒப்பிடுவதற்கு ஓர் எண் வேண்டுமென்றால், இரண்டு வெப்பப்படங்களிலும் மிகச் சூடான பத்தில் ஒரு பங்கு பிக்சல்களை எடுத்து, எத்தனை பொது என்று எண்ணுங்கள். எழுந்தமானமாக எடுத்தாலே பத்து சதவீதம் ஒத்துப்போகும் என்பதை மறக்காதீர்கள். அதைவிட முக்கியம், சம்பந்தமே இல்லாத இரண்டு இலைகளின் வெப்பப்படங்களையும் இதே முறையில் ஒப்பிடுவது. கிராட்-காம் படத்தின் நடுப்பகுதியில் குவிவது வழக்கம், இலையையும் நாம் நடுவில்தான் பிடிக்கிறோம். சம்பந்தமில்லாத சோடிகளே அறுபது சதவீதம் ஒத்துப்போனால், உங்கள் அறுபத்தைந்து எதையும் நிரூபிக்கவில்லை. கலைக்கும்போது படத்தைத் திருப்பியிருந்தால், ஒப்பிடுவதற்கு முன் வெப்பப்படத்தைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பைதோர்ச் என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதற்கான காப்டம் என்ற நிரல் நூலகத்தில் விளக்கத்தின் நிலைப்பை அளக்கும் செயற்கூறு ஆயத்தமாகவே இருக்கிறது.

திருத்தும்போது

பெரும்பாலான குறைகளுக்கு மருந்து கூடுதல் தோட்டங்கள்தான், மாதிரியில் கூடுதல் படலங்கள் அல்ல. அதற்கு அடுத்தது மண்மாற்றத்தைப் பயிற்சியிலேயே சேர்ப்பது: ஒரே இலையைப் பல பின்னணிகளில் ஒட்டி, விடை ஒன்றுதான் என்று கற்பிப்பது. படித்திறனுக்கு விதிக்கும் அபராதத்தையும் சிறிய அளவில் தொடங்கிப் பார்க்கலாம்.

பயிற்சிப் படங்களைப் புரட்டியும் திருப்பியும் எண்ணிக்கையைப் பெருக்கும்போது கவனம். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் படத்தைத் தலைகீழாகப் புரட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகின்றன. பக்கவாட்டில் எடுத்த மிளகாய்ச் செடியைத் தலைகீழாக்கினால் மேல்நோக்கிய சுருள் கீழ்நோக்கியதாகத் தெரியும். பெயர்ச்சீட்டு பனிப்பூச்சி என்றே இருக்கும். மாதிரி வளைவின் திசையை நம்பக்கூடாது என்று நாமே அதற்குக் கற்பிக்கிறோம், பிறகு அது நிறத்தில் சாய்ந்தது ஏன் என்று வியக்கிறோம். இடமிருந்து வலமாகப் புரட்டுவது பாதுகாப்பானது. எந்த மாற்றம் நோயின் பெயரை மாற்றாது என்பதைத் தீர்மானிப்பது பயிரைத் தெரிந்தவரின் வேலை.

வெப்பப்படம் இலைக்குள் விழ வேண்டும் என்று பயிற்சியிலேயே வற்புறுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதன் பின் அதே வெப்பப்படத்தைச் சான்றாகக் காட்டாதீர்கள். விளக்கத்தை நல்லதாகக் காட்டிக்கொண்டே உள்ளே வேறு காரணத்தில் இயங்கும் மாதிரியைச் செய்ய முடியும். லைம், ஷாப் ஆகிய இரண்டு விளக்கக் கருவிகளையும் அப்படி ஏமாற்றலாம் என்று ஸ்லாக்கும் மற்றவர்களும் 2020இல் காட்டினார்கள். பயிற்சிக்கு ஒரு கருவி, பரிசோதனைக்கு வேறொரு கருவி என்று பிரித்து வையுங்கள். இதுவரை பேசிய ஆழமான வலையமைப்பு மாதிரியை விட்டு, 'ஆம், இல்லை' கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடிவெடுக்கும் எளிய தீர்மான மரத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. காரணத்தை வாசிக்கலாம், ஆனால் ஒரே ஒரு நிற எல்லையில் முடிவெடுக்கும் மரம் பின்னேர வெயிலில் அப்படியே புரண்டுவிடும்.

சில விடயங்களை எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது. மிளகாயைத் தாக்கும் சிற்றுண்ணி இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது, வெறுங்கண்ணுக்கே எட்டாத அளவு சிறியது. மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் அது கிடையாது. ஆகவே செயலி இரண்டு படங்கள் கேட்கட்டும், ஒன்று பக்கவாட்டில், ஒன்று இலையைத் திருப்பி. வந்த படத்தைச் செயலியே இலேசாகக் கலைத்து, விடையோ காரணமோ தள்ளாடுகிறதா என்று பார்க்கட்டும். தள்ளாடினால் மருந்தின் பெயரைக் காட்டாமல், கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள் என்று மட்டும் எழுதட்டும். அறிக்கையில் முதல் அட்டவணையாக, புதிய தோட்டத்தின் துல்லியம், கலைத்த பின் துல்லியம், விடை மாறாமல் காரணம் மாறிய படங்களின் பங்கு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மாதிரி விழுந்த படங்களை எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தத் தொலைபேசி என்ற குறிப்புடன் தனிக் கோப்புறையில் சேமித்து, அடுத்த ஆண்டு இதே தலைப்பை எடுக்கப்போகும் மாணவரிடம் கொடுங்கள். சோளகத்தில் சேர்த்த படங்களால் பயிற்றுவித்திருந்தால், மாரி தொடங்கி இலைகள் நனைந்ததும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள்.